முப்பத்தாறு வீடும் ஒரு பேஸ்மென்டும்

ஏழைகளுக்கு வீடு கட்டுகிறவன் என்று சொன்னால் நம் ஆட்களிடம் மரியாதை கிடைக்காது. நான் சொல்லிப் பார்த்திருக்கிறேன். நியூ ஜெர்சியில் தமிழர் வீட்டு விருந்துகளில் பேப்பர் தட்டில் புளியோதரையை ஏந்திக்கொண்டு நிற்கும்போது யாராவது வந்து என்ன வேலை என்று விசாரிப்பார்கள். ஆர்க்கிடெக்ட் என்றதும் முகம் மலரும். லோ இன்கம் ஹவுசிங் என்றதும் மலர்ந்த முகம் அங்கேயே வாடும். இருந்தாலும் வந்ததற்குக் கேட்டு வைப்போம் என்று, வீட்டுக்குப் பின்னால் மரப்பலகையில் டெக் ஒன்று போடவேண்டும், வந்து பார்க்க முடியுமா என்பார்கள். நானும் போய்ப் பார்ப்பேன். காசு வாங்கமாட்டேன். காசு வாங்காதவன் என்ற கர்வம் எனக்குக் கொஞ்சநஞ்சமல்ல.

என் பெயர் கிட்டுசாமி. தாராபுரம் பக்கம். சென்னையில் கட்டடக்கலை படித்துவிட்டு இங்கே மேற்படிப்புக்கு வந்து, லைசென்ஸ் வாங்கி, குறைந்த வருமானக்காரர்களுக்கு வாடகை வீடு கட்டும் ஒரு தர்ம ஸ்தாபனத்தில் சேர்ந்தேன். மனைவி வான்மதி பார்சிப்பனியில் ஒரு கம்பெனியில் ப்ராஜெக்ட் மேனேஜர். வீட்டுக்கடன் அவள் சம்பளத்தில் ஓடுகிறது. என் சம்பளத்தில் என் பெருமை ஓடுகிறது என்று அவளே சொல்வாள்.

இந்தப் பைத்தியம் எனக்கு ஆம்ப்ரோஸ் விண்டல் என்ற மனிதரால் பிடித்தது. விக்டோரியா ராணி காலத்தில் லண்டனில் இருந்த கட்டடக் கலைஞர். அந்தக் காலத்து லண்டனில் ஒரே அறையில் மூன்று குடும்பம் இருக்கும். நடுவில் துணி கட்டித் தடுத்திருப்பார்கள். பணக்காரர்கள் சிலர் சேர்ந்து, ஐந்து சதவீத லாபமும் வரவேண்டும், புண்ணியமும் வரவேண்டும் என்று ஒரு கம்பெனி தொடங்கினார்கள். அதற்காகப் பதினோரு குடியிருப்புகள் கட்டிக் கொடுத்தார் விண்டல். ஒவ்வொரு வீட்டுக்கும் தனித் தண்ணீர்த் தொட்டி, இரண்டு பக்கமும் ஜன்னல், காற்றோட்டத்துக்காக மாடிப்படியைக் கட்டடத்துக்கு வெளியே வைத்தார். தேவாலயம் கட்டிப் பேர் வாங்கியிருக்கலாம். அதை விட்டுவிட்டு, சலவைக்காரிக்கு எத்தனை அடி உயரத்தில் கொடி கட்டினால் கை வலிக்காது என்று அளந்துகொண்டிருந்தார். கல்லூரியில் அவரைப் பற்றித்தான் ஆய்வுக் கட்டுரை எழுதினேன். அதோடு விடாமல் அவர் வாழ்க்கையைத் தமிழில் எழுத ஆரம்பித்து நூற்று நாற்பது பக்கம் எழுதியிருந்தேன். வான்மதியைத் தவிர யாரும் படித்ததில்லை. அவளும் முப்பதாம் பக்கத்தோடு நிறுத்திக்கொண்டாள்.

நாங்கள் இருந்தது பிஸ்கட்டவேயிலிருந்து இருபது நிமிஷத் தூரத்தில் ஓர் ஊர். பெயர் வேண்டாம். எங்கள் குடியிருப்பில் பாதிக்குப் பாதி தமிழ்க் குடும்பங்கள். அவர்களுக்கெல்லாம் தலைவர் சேனாபதி. கோபிச்செட்டிபாளையத்துக்காரர், சாஃப்ட்வேர் கம்பெனி வைத்திருந்தார். ஊரில் யாராவது செத்துப்போனால் உடலை விமானத்தில் ஏற்றும்வரை கூடவே நிற்பவர். தொண்ணூற்று மூன்றில் தமிழ்ச் சங்கத்துக்கு ஒரு ஹால் கட்ட இடம் வாங்கினார். அக்கம்பக்கத்து வெள்ளைக்காரர்கள் ஒன்றுசேர்ந்து எதிர்த்தார்கள். ட்ராஃபிக் அதிகமாகும், பார்க்கிங் போதாது, ஊரின் தன்மை மாறிவிடும் என்று ஒரு வழுக்கைத்தலை வக்கீலை வைத்து எங்கே என்ன கட்டலாம் என்று தீர்மானிக்கும் ஊர் ஸோனிங் போர்டில் நான்கு மாதம் இழுத்தடித்தார்கள். நான் சங்கத்தின் பக்கம் சாட்சி சொன்னேன். எத்தனை கார் வரும், எந்த நேரத்தில் வரும் என்று வரைபடம் போட்டுக் காட்டி ஜெயித்துக் கொடுத்தேன். அன்றைக்கு சேனாபதி என்னைக் கட்டிப்பிடித்துக்கொண்டு அழுதார். அது பொய் அழுகை இல்லை.

அடுத்த வருஷம் அவர் தன் வீட்டில் தரைக்குக் கீழே இருந்த பேஸ்மென்டைக் கட்டி முடிக்க என்னிடம் ப்ளான் கேட்டார். ஒரு பாத்ரூம், ஒரு சின்ன சமையல் மேடை, ஓர் அறை. ஜன்னல் இல்லாத பேஸ்மென்ட் அறையைப் படுக்கையறை என்று ப்ளானில் போட முடியாது. தீப்பிடித்தால் வெளியேற வழி கிடையாது. மாமியார் கோடையில் இரண்டு மாதம் வந்து இருப்பார், அவ்வளவுதான் என்றார். நான் அந்த அறையின் மேல் 'ஸ்டோரேஜ்' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன். எல்லாரும் செய்வதுதான். நானும் செய்தேன்.

மாமியார் வரவில்லை. அந்த அறைக்கு ராஜராணி வந்தாள். யாழ்ப்பாணத்துக்காரி. புருஷன் பெட்ரோல் பங்கில் வேலை பார்த்துக்கொண்டிருக்கும்போதே மாரடைப்பில் போய்விட்டார். எட்டு வயது மகள் சயந்தினியோடு நடுத்தெருவில் நின்றவளை சேனாபதிதான் கூட்டிக்கொண்டு வந்து பேஸ்மென்டில் வைத்தார். வாடகை வாங்கவில்லை. அதற்குப் பதிலாக அவள் அவர் வீட்டுக்குச் சமைத்தாள், சங்கத்து விழாக்களுக்குச் சமைத்தாள், சனிக்கிழமைகளில் எங்கள் எல்லாருக்கும் இட்லி மாவு அரைத்துக் கொடுத்தாள். மூன்று வருஷம் இப்படி ஓடியது. அவளை யாரும் கொடுமைப்படுத்தவில்லை. ஆனால் மகள் பள்ளிக்கூடத்துக்கு விலாசம் கொடுக்க வேண்டுமென்றால் சேனாபதியிடம் ஒரு கடிதம் வாங்க வேண்டும். டாக்டரிடமிருந்து தபால் வந்தால் மேல்மாடியில் உறை பிரிந்துதான் கீழே வரும். யாராவது பார்க்க வருவதென்றால் சேனாபதி வீட்டு ஹாலைக் கடந்துதான் வரவேண்டும். அதனால் யாரும் வருவதில்லை.

தொண்ணூற்று ஏழில் எங்கள் ஸ்தாபனத்துக்கு எங்கள் ஊரிலேயே இடம் கிடைத்தது. நியூ ஜெர்சியில் ஒவ்வோர் ஊரும் எளியவர்களுக்கு இத்தனை வீடு என்று ஒதுக்கியாக வேண்டும். எங்கள் ஊர் பல வருஷம் தட்டிக்கழித்துவிட்டு, கடைசியில் எங்கள் குடியிருப்பின் பின்னால் மூடிக்கிடந்த ஒரு செடி நர்சரியைக் காட்டியது. முப்பத்தாறு வீடுகள். வரைந்து முடித்ததும் முதல் ஆளாக ராஜராணியிடம்தான் எடுத்துக்கொண்டு போனேன். மாவு வாங்கப் போகிற சாக்கில், சேனாபதி குடும்பம் கோவிலுக்குப் போயிருந்த நேரத்தில், இட்லித் தட்டுகளை ஒதுக்கிவிட்டு வரைபடத்தை விரித்தேன்.

அவள் ஜன்னலைக் கேட்கவில்லை. அறை எத்தனை என்று கேட்கவில்லை. வாசல் தனியா என்று கேட்டாள். தனி என்றேன். கடிதப்பெட்டியும் தனியா என்றாள். ஒவ்வொரு வீட்டுக்கும் பூட்டு வைத்த பெட்டி, அதில் உன் பெயரே இருக்கும் என்றேன். விரலை அந்த இடத்தில் வைத்தாள். பிறகு சொன்னாள்:

"நான் கட்டாயம் அப்ளை பண்ணுவன், கிட்டு அண்ணை. ஆனா இவையளுக்கு இப்ப சொல்லிப் போடாதேங்கோ. சாப்பாடு போட்ட சனம், மனம் நோகும். கட்டி முடியட்டும். நானே பக்குவமாச் சொல்லுறன்."

சரி என்றேன். சத்தியமெல்லாம் செய்யவில்லை. ஆனால் சரி என்றேன்.

சட்டப்படி, இடத்திலிருந்து இருநூறு அடிக்குள் இருக்கும் வீட்டுக்காரர்களுக்கெல்லாம் பதிவுத் தபாலில் அறிவிப்பு போக வேண்டும். போயிற்று. ஒரே வாரத்தில் எங்கள் தெருவின் நிறம் மாறிவிட்டது. வழக்கமாகக் கையாட்டுகிறவர்கள் குப்பைத் தொட்டியை இழுத்து வைத்துவிட்டு உள்ளே போனார்கள். சேனாபதி வீட்டில் கூட்டம் போட்டார்கள். வான்மதியும் போனாள், நான் போகவில்லை. வீட்டு விலை விழும், பள்ளிக்கூடம் கெடும், பாதுகாப்பு போய்விடும் என்று பேசினார்களாம். எதிர்ப்பு மனுவில் எழுபத்தொன்பது கையெழுத்து. வக்கீலும் வைத்தார்கள். யாரென்று கேட்டேன். வான்மதி சொல்லத் தயங்கினாள். அதே வழுக்கைத்தலை. ஹால் வழக்கில் நம்மை எதிர்த்து நின்றபோதே நல்ல வக்கீல் என்று தெரிந்துவிட்டதே, அதனால் அவரையே பிடித்தோம் என்றாராம் சேனாபதி. எனக்கு வந்த ஆத்திரத்துக்கு அளவே இல்லை.

ஸோனிங் போர்டில் மூன்றாம் முறை விசாரணை அக்டோபரில். சாயங்காலம் ஏழு மணிக்கே டவுன்ஹால் நிரம்பிவிட்டது. பெரும்பாலும் நம் முகங்கள். இந்த ஊருக்கு வந்து பத்து வருஷத்தில் ஒரு தேர்தலுக்கும் எட்டிப் பார்க்காதவர்கள், சட்டையில் எதிர்ப்பைக் காட்டும் பச்சை ஸ்டிக்கர் ஒட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். கூட்டம் முடிய நேரமாகும் என்று எண்பது பேருக்கு எலுமிச்சைச் சாதம் கட்டிக்கொண்டு வந்திருந்தார்கள். கட்டியவள் ராஜராணி. மூன்றாவது வரிசையின் ஓரத்தில், மடியில் பையோடு உட்கார்ந்திருந்தாள். அவள் சேலையிலும் யாரோ ஒரு பச்சை ஸ்டிக்கரை ஒட்டிவிட்டிருந்தார்கள்.

சேனாபதி எழுந்து சத்தியப் பிரமாணம் எடுத்துக்கொண்டு பேசினார். ட்ராஃபிக் அதிகமாகும், பார்க்கிங் போதாது, ஊரின் தன்மை மாறிவிடும் என்றார். நான்கு வருஷத்துக்கு முன்னால் அவரை அழவைத்த அதே மூன்று வாக்கியங்கள். அவருக்கு அது ஞாபகமே இல்லை. ஞாபகம் இருந்திருந்தால் கொஞ்சமாவது தடுமாறியிருப்பார். நாங்கள் ஏழைகளுக்கு எதிரி இல்லை, ஊரில் எத்தனையோ தர்மம் செய்கிறோம், ஆனால் அந்த மாதிரி ஆட்கள் எங்கள் மத்தியில் இருந்து பழக்கமில்லை என்று முடித்தார். கைதட்டினார்கள்.

அந்தக் கைதட்டலில்தான் நான் நிதானம் இழந்தேன். எழுந்து நின்று, அந்த மாதிரி ஆட்கள் ஏற்கனவே உங்கள் மத்தியில்தான் இருக்கிறார்கள் என்றேன். உங்களுக்குச் சமைத்துப்போட்டுவிட்டு, ஜன்னல் இல்லாத ஒரு பேஸ்மென்ட் அறையில் ஒரு தாயும் மகளும் மூன்று வருஷமாகப் படுத்துத் தூங்குகிறார்கள் என்றேன். வழுக்கைத்தலை வக்கீல் மெதுவாக எழுந்து, இது வெறும் வதந்தி, விலாசம் சொல்ல முடியுமா, முடியாவிட்டால் இதைக் குறிப்பிலிருந்து நீக்க வேண்டும் என்றார்.

நான் மூன்றாவது வரிசையைப் பார்த்தேன். ராஜராணியும் என்னைப் பார்த்தாள். வேண்டாம் என்று தலையாட்டினாள். லேசாக, பக்கத்தில் இருப்பவர்களுக்குத் தெரியாதபடி. எனக்குத் தெரிந்தது. பார்க்கவில்லை என்று சொல்ல மாட்டேன். பாவம், பயப்படுகிறாள், அவளுக்கும் சேர்த்து நான் தைரியமாக இருக்க வேண்டும் என்று நினைத்துக்கொண்டேன்.

"ஃபோர்ட்டீன், மேப்பிள் கிரெஸ்ட் லேன்" என்றேன்.

ஊரின் கட்டட இன்ஸ்பெக்டர் ஓரத்து மேஜையில் உட்கார்ந்திருந்தார். குறிப்புப் புத்தகத்தை எடுத்து எழுதிக்கொண்டார்.

போர்டு ஐந்துக்கு இரண்டு ஓட்டில் அனுமதி கொடுத்தது. நான் ஜெயித்தேன். என் பேச்சுதான் திருப்பியது என்று எங்கள் ஸ்தாபனத்துத் தலைவரம்மா கையைக் குலுக்கினாள். உள்ளூர்ப் பத்திரிகைக்காரன் என் பெயரை எழுத்துக்கூட்டிக் கேட்டுக்கொண்டான். காரில் வரும்போது நான்தான் பேசிக்கொண்டே வந்தேன். வான்மதி வண்டியை கராஜுக்குள் நிறுத்தி எஞ்சினை அணைத்துவிட்டுத்தான் வாயைத் திறந்தாள்.

"நீங்க ராஜராணிக்காகப் பேசலீங்க. சேனாபதி அண்ணனை வின் பண்ணோணும்னு பேசுனீங்க. நாளைக்கு அவங்க ரெண்டு பேரும் எங்க போவாங்கன்னு ஒரு நிமிஷமாச்சும் யோசிச்சீங்களா?"

யோசித்தேன் என்று பொய் சொன்னேன்.

இன்ஸ்பெக்டர் வியாழக்கிழமையே வந்துவிட்டார். பேஸ்மென்டில் யாரும் தங்கக் கூடாது என்று கதவில் சிவப்புக் காகிதம் ஒட்டினார். அபராதம் போட்டார். அந்த அறையில் ஆள் தங்கப்போவது ப்ளான் போட்டவருக்குத் தெரியுமா என்று கேட்டிருக்கிறார். ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் என் லைசென்ஸ் போயிருக்கும். சேனாபதி சொல்லவில்லை. மறுநாள் எனக்கு போன் செய்து, அதை மட்டும் தெரிவித்தார். "ஒங்களுக்குத் தெரியும்னு நான் சொல்லலைங்க, கிட்டு" என்றார். திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன்.

அன்று சாயங்காலமே ராஜராணியைத் தேடிப் போனேன். எங்கள் வீட்டுக்கு வந்துவிடு, மாடியில் அறை காலியாக இருக்கிறது என்று சொல்லத்தான் போனேன். அவள் ஏற்கனவே போய்விட்டிருந்தாள். ஒரு வாரம் பக்கத்து ஊரான எடிசனில் ஒரு சிநேகிதி வீட்டுச் சோபாவில் படுத்திருந்தார்கள் என்று பிறகுதான் தெரிந்தது. அதற்குள் இன்ஸ்பெக்டரின் அறிக்கையைப் பார்த்த பள்ளிக்கூடத்திலிருந்து, பழைய விலாசம் செல்லாது, இந்த ஊரில் வசிப்பதற்கு வேறு அத்தாட்சி வேண்டும் என்று கடிதம் வந்தது. சேனாபதி வீட்டு விலாசத்துக்குத்தான் வந்தது. வகுப்பில் முதலாவதாக இருந்த பெண் சயந்தினி. ராஜராணிக்கு அத்தாட்சி எங்கேயிருந்து வரும்? டெக்ஸாஸில் ஹூஸ்டன் பக்கம் ஒரு மோட்டலில் புருஷனின் சித்தப்பா மகன் வேலை பார்த்தார். அறைகளைச் சுத்தம் செய்தால் அங்கேயே தங்கிக்கொள்ளலாம் என்றாராம். பஸ் ஏறிப் போய்விட்டார்கள். என்னிடம் சொல்லிக்கொள்ளவில்லை.

அந்தக் குளிர்காலத்தில் விண்டலின் வாழ்க்கையை எடுத்து வைத்துக்கொண்டு உட்கார்ந்தேன். அறுபத்திரண்டாம் பக்கத்தில் அவருடைய மிகப் பெரிய குடியிருப்பு வருகிறது. அது எழும்புவதற்காக இடிக்கப்பட்ட சந்தில் நானூறு பேர் இருந்தார்கள். புது வீட்டில் சேர வேலைக்காரரின் முதலாளி கடிதம் கொடுக்க வேண்டும், ஒரு வார வாடகையை முன்பணமாகக் கட்ட வேண்டும், வீட்டுக்குள் துணி வெளுத்துப் பிழைக்கக் கூடாது. அந்தச் சந்திலிருந்து ஒரு குடும்பம்கூடத் திரும்பி வரவில்லை. இதெல்லாம் எனக்குக் கல்லூரியிலேயே தெரியும். ஆனால் நான் எழுதியிருந்தது ஒரே வரி: 'அங்கிருந்தவர்கள் வேறிடம் பெயர்ந்தனர்.' அவர் ஜன்னல்களுக்கு ஒன்பது பக்கம் கொடுத்திருந்தேன். நூற்று நாற்பது பக்கத்தையும் ரீசைக்கிளிங் தொட்டியில் போட்டேன். பெரிய தியாகம் ஒன்றுமில்லை. டைப் செய்ததெல்லாம் கம்ப்யூட்டரில் இன்னும் கிடக்கிறது.

கட்டடம் இரண்டாயிரத்தில் முடிந்தது. நன்றாக வந்திருக்கிறது, அதையும் சொல்லத்தான் வேண்டும். வீட்டு விலை விழவில்லை, ஏறியது. அடுத்த பொங்கல் விழாவில் தமிழ்ச் சங்கம் எனக்குப் பொன்னாடை போர்த்தியது. போர்த்தியவர் சேனாபதி. நம்ம ஆளு ஒருத்தர் இந்த நாட்டு ஏழைகளுக்கு வீடு கட்டிக்கொடுத்து நமக்கெல்லாம் பெருமை சேர்த்திருக்கிறார் என்று மைக்கில் பேசினார். எழுபத்தொன்பது கையெழுத்துக்காரர்களும் கைதட்டினார்கள். மேடை ஏறக் கூடாது என்று வீட்டிலேயே முடிவு செய்துவிட்டுத்தான் போனேன். பெயரைக் கூப்பிட்டதும் ஏறினேன். குனிந்தும் கொடுத்தேன்.

பிப்ரவரியில் தரைத்தளத்து வீடு ஒன்று காலியாயிற்று. வெளியூர்க்காரர்களும் விண்ணப்பிக்கலாம், இந்த ஊரில் முன்பு வசித்தவர்கள் என்றால் முன்னுரிமை உண்டு. ராஜராணி இந்த ஊரில் வசித்ததற்கு, பள்ளிக்கூடம் செல்லாது என்று சொன்ன சேனாபதியின் கடிதத்தைத் தவிர, ஒரு துண்டுக் காகிதம் கிடையாது. ஆனால் அவள் பேஸ்மென்டில் இருந்தாள் என்று இன்ஸ்பெக்டர் எழுதிய அறிக்கை இருக்கிறது, அதையே அத்தாட்சியாக வைக்கலாம் என்று எனக்கு யோசனை தோன்றியது. என் புத்திசாலித்தனத்தை நானே மெச்சிக்கொண்டேன். நாலைந்து பேரிடம் கேட்டு மோட்டல் நம்பரைப் பிடித்தேன்.

முதலில் சயந்தினி எடுத்தாள். குரல் பெரிய பெண்ணின் குரலாக மாறியிருந்தது. யார் என்று கேட்டாள், சொன்னேன். "ஹோல்ட் ஆன்" என்று மட்டும் சொன்னாள். பிறகு ராஜராணி வந்தாள். நலம் விசாரித்தாள். வான்மதிக்கு முதுகுவலி எப்படி என்று கேட்டாள். நான் ஒரே மூச்சில் எல்லாவற்றையும் கொட்டினேன். இரண்டு அறை, தனி வாசல், பூட்டு வைத்த கடிதப்பெட்டி, நல்ல பள்ளிக்கூடம், விண்ணப்பத்தை நானே பூர்த்தி செய்து அனுப்புகிறேன், கையெழுத்துப் போட்டால் போதும். அவள் குறுக்கே பேசாமல் கேட்டாள்.

"வேண்டாம் அண்ணை," என்றாள். "எனக்கு உங்களில கோவம் இல்லை. ஆனா நான் உங்களிட்ட வீடு கேக்கேல்லை. ஒருத்தருக்கும் சொல்லாதேங்கோ எண்டு மட்டும்தான் கேட்டனான்."

பன்னிரண்டாம் நம்பர் அறையைச் சுத்தம் செய்ய வேண்டும், ஆட்கள் வந்துவிடுவார்கள் என்று சொல்லி அவள் போனை வைத்தாள்.